பதினாறடிச் சுண்ணாம்புக் கோடு

சித்திரை மாதம் பன்னிரண்டாம் நாள் காலை ஏழு மணி இருபது நிமிடத்துக்கு, செம்மாம்பாளையம் காளியப்பன் நகர் மூன்றாவது தெருவில், லேத்துக்காரக் கலாமணியின் கார் ஷெட்டை நீட்டிப் பட்டறையாக்குவதற்காகக் கொத்தனார் அங்கண்ணன் தரையில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, நான்காவது கோட்டின் நுனியைக் கொண்டுபோய் முதல் கோட்டின் நுனியோடு சேர்த்த அந்த நொடியில், கோடு சுவராகிவிட்டது. செங்கல் வரவில்லை, சிமெண்ட் வரவில்லை, கண்ணுக்கும் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் சுவர் இருந்தது. பக்கத்து வீட்டு மாரப்பன் அப்போது கோட்டுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தார்.

அவர் ஏன் உள்ளே போனார் என்று எங்கள் தெருவில் யாரும் கேட்கவில்லை. முப்பத்துநாலு வருடம் சர்வேயர் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர் அவர். தெருவில் ஒருவன் முருங்கைக் கொம்பு நட்டால்கூட டேப்பை எடுத்துக்கொண்டு வந்து, "எல்லையில இருந்து ரெண்டடி தள்ளி நடோணுமுங்க" என்று நிற்பவர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல், அறுவை செய்த முழங்கால் ஒன்று. தன் வாழ்நாளில் ஓர் அங்குலம்கூடத் தப்பாக அளந்ததில்லை என்று கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சொல்வார், பக்கத்து இலைக்காரர் எழுந்து போனால் எதிர் இலைக்காரரிடம் சொல்வார். எங்களில் பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது, மீதிப் பேருக்கு அவரிடம் பயம்.

கலாமணிக்கு இரண்டும் உண்டு. பதினெட்டு வயதில் தொடங்கி இருபது வருடம் அடுத்தவர் பட்டறையில் நின்று இரும்பு கடைந்தவள், ஒருவழியாகப் பழைய லேத்து இரண்டை வாங்கி, என்றைக்கும் கார் நிற்காத தன் கார் ஷெட்டில் போட்டு, மோட்டார் பம்புக்குப் புஷ் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். சத்தம் தாங்கவில்லை என்று மாரப்பன் மனுப் போட்டார். பேரூராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது: முறையாக அனுமதி வாங்கிப் பட்டறை அறை கட்டி அதற்குள் மெஷினை மாற்ற வேண்டும், பதினைந்து நாளுக்குள் அந்த வேலையைத் தொடங்கவில்லை என்றால் மெஷின் வெளியே போக வேண்டும். போனால் அவள் மறுபடியும் யாரோ ஒருவருடைய லேத்தின் முன்னால், யாரோ ஒருவர் விசிலுக்கு நிற்க வேண்டியதுதான். 

இடம் இருந்தது. அவள் வீட்டுச் சுவருக்கும் மாரப்பன் காம்பவுண்டுக்கும் நடுவில் இருபதடி. அதில் பக்கவாட்டில் ஐந்தடி சும்மா விட வேண்டும் என்பது விதி. மீதி பதினைந்து. வரைபடத்திலும் பதினைந்து என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தாள். ஆனால் நூல் பிடித்த அன்றைக்கு அங்கண்ணன் தலையைச் சொறிந்தார்.

"அம்மிணி, பதினஞ்சடி மனையடிக்கு ஆகாதுங்க. பாவம் சேருமுன்னு போட்டிருக்குது. பதினாறு வெச்சா நல்லாருக்கும். ஒரே ஒரு அடிதானுங்க."

கலாமணி காம்பவுண்டுப் பக்கம் பார்த்தாள். மாரப்பனின் தலை இன்னும் தெரியவில்லை. "பதினாறே போடுங்க," என்றாள். "வெரசாப் போடுங்க."

மாரப்பன் வந்து, கோட்டைப் பார்த்து, கண்ணாலேயே அளந்து, முகம் சிவந்து, டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கியபோது அங்கண்ணன் நான்காவது கோட்டின் கடைசி முழத்தில் இருந்தார். வாசலுக்கு இடம் விட்டிருக்கலாமே என்று பிறகு வெளியூர்க்காரர்கள் கேட்டார்கள். எங்கள் பக்கம் கோடு போடும்போது வாசலுக்கு யாரும் இடம் விடுவதில்லை. அடித்தளத்துக்குச் சுற்றிலும் ஒரே கோடுதான், வாசல் என்பது வாசக்கால் வைக்கிற நாளில் வருவது.

சுவருக்கு உயரம் இல்லை, அதாவது முடிவு இல்லை. தரையில் போட்ட கோட்டில் நீளமும் அகலமும்தானே இருக்கிறது, எவ்வளவு உயரம் என்று யார் எழுதினார்கள்? ஏணி வைத்துப் பார்த்தோம், தென்னை ஏறுகிறவரை ஏற்றிப் பார்த்தோம், பந்தை வீசிப் பார்த்தோம், மேலே பறந்த காக்கைகள்கூட அந்த இடம் வந்ததும் மூக்கைத் திருப்பிக்கொண்டு சுற்றிப் போயின. ஆழமும் அப்படியே. தீயணைப்பு வண்டி வந்து கட்டர் வைத்துப் பார்த்தது, ஜேசிபி வந்து வாளியின் பல் ஒன்றை இழந்தது, சுண்ணாம்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம், தென்னந்துடைப்பத்தால் தேய்த்தோம், அது பாறைமேல் விழுந்த வெள்ளைத் தழும்பாகக் கிடந்தது. காற்று போகவில்லை, குரல் போகவில்லை. மாரப்பன் உள்ளே வாயைத் திறந்து திறந்து மூடினார், எங்களுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அவர் சத்தம் போட்டும் தெருவுக்குக் கேட்காத முதல் நாள் அது, அந்த அமைதியில் எங்களுக்குக் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கோட்டுக்கு முன்பே இருந்தது மட்டும் கோட்டைத் தாண்டிப் போய்வந்தது. தண்ணீர்க் குழாய் ஒன்று உள்ளே இருந்தது, அதில் தண்ணீர் வந்தது. மழைத்தண்ணீர் போவதற்காகக் கார் ஷெட்டிலிருந்து அந்த இடத்தின் நடுவுக்கு மண்ணுக்கடியில் நாலங்குலக் குழாய் ஒன்று போட்டிருந்தாள் கலாமணி. அதன் வழியாகப் பேச முடிந்தது. நீளமான சவுக்குக் குச்சியால் தள்ளி இட்லி அனுப்ப முடிந்தது, சர்க்கரை மாத்திரை அனுப்ப முடிந்தது, மடக்கிய குடை ஒன்றும் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தது. அந்தக் குழாயில் மாரப்பன் வாய் வைத்துச் சொன்ன முதல் வார்த்தை, "பதினாறு."

அன்று மத்தியானமே பேரூராட்சியிலிருந்து கட்டட ஆய்வாளர் எஸ்தர் வந்தார். சுவரைக் கையால் தடவிப் பார்த்தார், விரலை மோந்து பார்த்தார், பிறகு பையைத் திறந்து தாளை எடுத்தார்.

"வரைபடத்துல பதினஞ்சு போட்டிருக்கீங்க. பதினஞ்சா இருந்தா எனக்கு இதுல வேலை இல்லை. பதினாறா இருந்தா அனுமதியில்லாக் கட்டடம், விண்ணப்பத்தை ரத்து பண்ணிருவேன். எத்தனைங்க?"

காம்பவுண்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் டேப் பிடித்தால் நாலடிதான் வரும் என்று கலாமணிக்குத் தெரியும். "பதினஞ்சுதானுங்க மேடம்," என்றாள். "மாரப்பண்ணன் காம்பவுண்டு ஒரு அடி எங்க எடத்துல இருக்குதுங்க. எல்லைக்கல்லு அவங்க சுவருக்கடியில மாட்டிக்கிச்சு."

அது பொய். எஸ்தர் காம்பவுண்டுச் சுவரின் அடியைப் பார்த்தார், கோட்டுக்கு உள்ளே பார்த்தார். மாரப்பன் பத்து விரலையும் விரித்துக் காட்டினார், பிறகு ஆறு விரலைக் காட்டினார். மறுபடியும் பத்து, மறுபடியும் ஆறு. தாலுகா சர்வேயர் வந்து கல்லைத் தேடிப் பார்த்துச் சொல்லும்வரை தன்னால் ஒன்றும் எழுத முடியாது, அதற்குப் பத்து நாளாவது ஆகும் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

மறுநாள் காலைக்குள் தெரு அந்தச் சுவருக்குப் பழகிவிட்டது. பால்காரர் சைக்கிளை அதில் சாய்த்துவிட்டு டீ குடிக்கப் போனார், ஒன்றுமில்லாத இடத்தில் சைக்கிள் சாய்ந்து நின்றதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு அம்மா கலாமணி வீட்டு ஜன்னல் கம்பியிலிருந்து சுவர்வரை கொடி கட்ட ஆணி அடித்துப் பார்த்து, ஆணி வளைந்ததும், "கான்கிரீட்டாட்ட இருக்குது," என்று மெச்சிக்கொண்டார். ராத்திரியோடு ராத்திரியாகக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒன்றும் மஞ்சள் நீராட்டு விழாச் சுவரொட்டி ஒன்றும் அந்தரத்தில் ஒட்டப்பட்டிருந்தன. எறும்புச் சாரை ஒன்று வெட்டவெளியில் நேராக மேலே ஏறிப் போய்க்கொண்டே இருந்தது. பிள்ளைகள் பந்தெறிந்து விளையாடினார்கள், ஒளிந்து விளையாடும்போது பத்தும் ஆறும் விரல் காட்டிப் பதினாறு எண்ணினார்கள். வரி வசூலிக்கிறவர் வந்து சுவருக்கு வரி உண்டா என்று யோசித்து, கூரை இல்லை என்பதால் இப்போதைக்கு இல்லை என்று முடிவு செய்தார். உள்ளே மனிதர் ஒருவர் குடை பிடித்து உட்கார்ந்திருப்பதுகூட, மூன்றாம் நாள் வந்தபோது, எங்கள் தெருவில் எப்போதும் இருந்த ஒன்றைப்போல ஆகிவிட்டது. நாங்கள் நல்லவர்கள்தான், ஆனால் எதற்கும் சீக்கிரம் பழகிவிடுகிறவர்கள்.

பழகாதவள் கலாமணி ஒருத்திதான். இரண்டாம் நாள் சாயங்காலம் அங்கண்ணன் அவளைத் தேடி வந்தார். லேத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டே பேசினார்.

"அம்மிணி, கோடு தப்பாப் போச்சுன்னா நாங்க அழிக்க மாட்டோமுங்க. சுண்ணாம்ப அழிக்கக் கூடாது. சரியான கோட்டப் போட்டுப்போட்டு, தப்பான கோட்டு மேல குறுக்க ஒரு வெட்டு வெட்டுவோம். அப்ப அது கோடே இல்லைன்னு அர்த்தம்."

"அப்ப வெட்டுங்க!"

"வெளிய நின்னு பாதி வெட்டுத்தானுங்க வெட்ட முடியும். மீதிப் பாதி உள்ள இருந்து அவரு வெட்டோணும். ரெண்டு பேரும் தப்புன்னு ஒத்துக்கிட்டாத்தான் வெட்டு சேரும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணுங்க. சரியான கோடு உள்ளதான வருது? அதப் போட நாம உள்ள போக முடியாது. அதப் போடாம வெறுமனே வெட்டுனா, மொத்த மனையும் ரத்து. ஒரு வருசத்துக்கு அந்த எடத்துல எந்தக் கொத்தனும் நூல் புடிக்க மாட்டான். நானும் மாட்டேனுங்க."

கலாமணி லேத்தைப் பார்த்தாள். நோட்டீஸில் இன்னும் ஒன்பது நாள் இருந்தது. "பொறுங்க, பாத்துக்கலாம்," என்றாள்.

அந்த வார்த்தையைச் சொன்ன பிறகு அவள் ஒழுங்காகச் சாப்பிட்டதை நாங்கள் பார்க்கவில்லை. குழாயின் வாயருகே குப்புறப் படுத்து, இட்லியை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, "அண்ணா, வந்துச்சுங்களா?" என்று கேட்பாள். "வந்துச்சு. பதினாறு," என்று பதில் வரும். மூன்றாம் நாள் அந்தப் பதில், "வந்துச்சு," என்பதோடு நின்றுவிட்டது. வெயிலோ மண்டையைப் பிளந்தது. உள்ளே காற்று அசையவில்லை, முடிவில்லாத உயரத்திலிருந்து வெயில் மட்டும் நேராக இறங்கியது. குடை பிடித்த கை தாழ்ந்துகொண்டே வந்தது. நான்காம் நாள் காலையில் அனுப்பிய இட்லிகள் குழாயின் மறுமுனையில் அப்படியே கிடந்தன, ஈ மொய்ப்பது எங்களுக்குத் தெரிந்தது. சுகாதார நிலைய டாக்டரம்மா வந்து சுவரில் நெற்றியை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள வெளிய எடுத்தாகணும். அதுக்கு மேல நான் பொறுப்பில்லை," என்றார். ஆம்புலன்ஸ் வந்து நின்றது. எஸ்தரும் வந்தார். எல்லோரும் வந்து நின்றோம், செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் நின்றோம்.

கலாமணி குழாயருகே படுத்தாள். நாங்கள் சுற்றி நிற்கிறோம் என்பதை அவள் மறந்துவிட்டாளா, வேண்டுமென்றே எங்கள் முன்னால் பேசினாளா என்று இன்றுவரை சண்டை போட்டுக்கொள்கிறோம். எஸ்தர் ஆம்புலன்ஸ் பக்கம் டாக்டரோடு இருந்தார், அவர் காதில் விழவில்லை.

"அண்ணா, கேக்குதுங்களா? கோடு தப்புங்க. நாந்தான் பதினாறு போடச் சொன்னேன். உங்களை வெளிய எடுக்க வழி இருக்குதுன்னு ரெண்டு நாளா எனக்குத் தெரியுமுங்க. மெஷின் போயிருமேன்னு பயந்துட்டு வாய மூடிட்டு இருந்துட்டேன். சுண்ணாம்பு அனுப்பறேன். மேக்கால, உங்க காம்பவுண்டுப் பக்கத்துக் கோட்டு மேல உள்ள இருந்து ஒரு வெட்டு வெட்டுங்க, வெளிய இருந்து நான் வெட்டறேன். மனை போனாப் போகுதுங்க. நீங்க வாங்கண்ணா."

 பிறகு குழாயில் இருமல் கேட்டது.

"நூலும் அனுப்பு. சுண்ணாம்பு நெறைய அனுப்பு."

பிளாஸ்டிக் பையில் சுருட்டிச் சுருட்டிச் சுண்ணாம்பு போயிற்று. நூல்கண்டு போயிற்று. மாரப்பன் எழுந்தார். எழுந்ததை விவரிப்பதற்கே நேரமாகும், முதலில் கை, பிறகு நல்ல முழங்கால், பிறகு அந்தக் கெட்ட முழங்கால், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு உடம்பு. ஆனால் அவர் மேற்குக் கோட்டின்மேல் வெட்டவில்லை. அதிலிருந்து ஓரடி உள்ளே தள்ளித் தன் டேப்பை வைத்தார். இரண்டு முனையிலும் கல்லை வைத்து நூலை இழுத்துக் கட்டினார். கட்டிவிட்டு, நூலுக்கும் பழைய கோட்டுக்கும் நடுவிலிருந்த அந்த ஓரடிச் சந்துக்குள் ஏறி நின்றுகொண்டு, பின்னாலே பின்னாலே நகர்ந்து, நூலை ஒட்டிச் சுண்ணாம்பைக் கொட்ட ஆரம்பித்தார்.

முதலில் புரிந்துகொண்டவர் அங்கண்ணன். "ஐயோ," என்று தலையில் கை வைத்தார். "சரியான கோட்டப் போடறாருங்க. மனை ரத்தாகாது. ஆனா அது சேந்துச்சுன்னா அதுவும் சுவராயிருமே! அவரு ரெண்டு சுவத்துக்கு நடுவுலயல்ல நிக்கறாரு!"

கலாமணி சுவரை இரண்டு கையாலும் அறைந்தாள். "வேண்டாமுங்கண்ணா! வேண்டாம்! வெறும் வெட்டுப் போதும்!" அவள் குரல் அவருக்குக் கேட்காது என்று தெரிந்தும் கத்தினாள். குழாயிடம் ஓடிப்போய்க் கத்தினாள். அவர் குழாயைவிட்டு வெகுதூரம் வந்துவிட்டார். இருபத்தொரு அடி நீளத்துக்கும் கோடு வளையாமல் வந்தது, கடைசி ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பு விழுந்ததும் புதுச் சுவர் எழுந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தோம் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாரப்பனின் வயிறு உள்ளே அமுங்கியது.

இப்போது குழாய் அந்தப் பக்கம், தண்ணீர் அந்தப் பக்கம், அவர் இந்தப் பக்கம். ஓரடி அகலத்தில் பக்கவாட்டில் திரும்பி நின்றவருக்கு முகத்தைத் திருப்பக்கூட இடமில்லை. ஒரு கன்னம் பழைய சுவரில் ஒட்டியிருந்தது, எங்களுக்கு நேராக. மூச்சு சுவரில் பனியாகப் படிந்து படிந்து மறைந்தது. மறைகிற நேரம் ஒவ்வொரு தடவையும் நீண்டது.

"வெட்டுங்கம்மிணி!" என்றார் அங்கண்ணன்.

கலாமணி பழைய கோட்டருகே மண்டியிட்டு, கோட்டின்மேல் குறுக்காகச் சுண்ணாம்பை இழுத்தாள். அவள் பக்கத்துப் பாதி விழுந்தது, ஒன்றும் நடக்கவில்லை. உள்பக்கத்துப் பாதிக்கு மாரப்பன் குனிய வேண்டும். குனிய முடியவில்லை. முழங்கால் முன்னால் வந்து சுவரில் முட்டி நின்றுவிட்டது. அவர் கண்ணை மூடினார். யாரோ அழுதார்கள், அது நானாகவும் இருக்கலாம்.

கலாமணி அவர் முகத்துக்கு நேராக எழுந்து நின்றாள். தன் கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து, மூடி, மெதுவாகத் திறந்து காட்டினாள். மறுபடி மூடித் திறந்தாள். அவர் கண்ணைத் திறந்து அந்தக் கையைப் பார்த்தார். தொடையோடு ஒட்டிக் கிடந்த அவர் வலக்கையில் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு இருந்தது. அதை அவர் விட்டார். தூள் அவர் காலோரமாக வழிந்து, பாதத்தின்மேல் விழுந்து, கோட்டுக்கு எட்டாமல் நின்றது. பிறகு அந்தப் பெரிய பாதம் அசைந்தது. கட்டைவிரல் தூளை ஒதுக்கி, தள்ளி, ஒரு கோடாக இழுத்துக்கொண்டு வந்தது. கோணல்மாணலான கோடு, முப்பத்துநாலு வருட சர்வேயர் போட்டதிலேயே அசிங்கமான கோடு. கலாமணி தரையில் விழுந்து, அது எங்கே வருகிறதோ அங்கே தன் பாதியை நகர்த்தி நகர்த்திப் போட்டாள். இரண்டும் தொட்டன.

சாய்ந்திருந்த சுவர் இல்லாமல் போகவே, மாரப்பன் மொத்தமாக அவள்மேல் விழுந்தார். பால்காரரின் சைக்கிள் மட்டும் வேறு பக்கத்துச் சுவரில் நின்றுகொண்டே இருந்தது. கலாமணி அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "அண்ணா, அண்ணா," என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லத் தெரியாமல் அழுதாள். டாக்டரம்மா வாயில் தண்ணீர் விட்டார். தண்ணீர் இறங்கியது.

எஸ்தர் வந்து புதுக்கோட்டைப் பார்த்தார். காம்பவுண்டிலிருந்து டேப் பிடித்தார், சரியாக ஐந்தடி. பிறகு ஓரடி தள்ளிக் கிடந்த பழைய கோட்டையும், அதன்மேல் கோணலாகக் கிடந்த வெட்டையும் பார்த்தார். பேனாவைத் திறந்தார்.

"முதல்ல எத்தனை அடி இருந்துச்சு?"

கலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையைத் தூக்கினாள். "பதினாறுங்க மேடம். நான் பொய் சொல்லிட்டேன்."

 ஸ்ட்ரெச்சரில் பாதி ஏற்றப்பட்டிருந்த மாரப்பன், கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கினார்.

"புள்ள பயத்துல ஒளறுதுங்க," என்றார். குரல் உடைந்திருந்தாலும் கடைசி வீடுவரை கேட்டது. "மொதல்ல இருந்தே பதினஞ்சுதானுங்க மேடம். நாந்தான் தப்பா அளந்துட்டேன்."

எஸ்தர் அவரையும் பழைய கோட்டையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் பதினைந்து என்று எழுதினார். எங்கள் தெருவில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.